பதினோராம் கட்டிலில் பெரட்டு

மாதா கோயில் மணியின் மேலும், மூட்டம் விலகும் நாளில் மட்டும் தெரிகிற சிவனொளிபாத மலையின் மேலும் சத்தியம்: கீழே வருவதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் நோர்வூட்டில் பஸ் பிடித்து, மேட்டில் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய், ஆண்கள் வாட்டில் பதினோராம் கட்டில் எது என்று விசாரித்துக்கொள்ளலாம்.

அந்த வாட்டுக்குப் பயிற்சிக்கு வந்த தாதிய மாணவிகளில் ஜெனுஷாவும் ஒருத்தி. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா சிசிலி கொழுந்து பறிப்பவள். தாதிப் படிப்புக்கு நேர்முகப் பரீட்சை வைத்தபோது, ஏன் இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறீர் என்று கேட்டார்கள். மக்களுக்குச் சேவை செய்ய என்றாள் ஜெனுஷா. அவளுக்கு முன்னால் போனவர்களும் அதைத்தான் சொன்னார்கள், பின்னால் போனவர்களும் அதைத்தான் சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டினார்கள். உண்மையான காரணம் அட்டை. தேயிலைக்குள் இரத்தம் குடிக்கும் அட்டை உண்டு, வாட்டுக்குள் கிடையாது. ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க இதைவிட யோக்கியமான காரணம் எந்த நேர்முகப் பரீட்சையிலும் சொல்லப்பட்டதில்லை. அன்றும் சொல்லப்படவில்லை.

அட்டைப் பயம் ஒருத்தியை ஆஸ்பத்திரி வாசல்வரைதான் கொண்டுவந்து விடும். உள்ளே போனபிறகு படிக்க வேண்டும். ஜெனுஷா படிக்கவில்லை. முதல் செய்முறைப் பரீட்சையில் ஒரு கிழவரின் நாடியைப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று விரல் வைக்க வேண்டிய இடத்தில் பெருவிரலை வைத்தாள். பெருவிரலுக்குச் சொந்த நாடி உண்டு. ஆக அவள் எண்ணியது தன்னுடைய நாடியை. பரீட்சைப் பயத்தில் அது குதிரை ஓட்டம் ஓடியது. "இவருக்கு இதயம் ஆபத்தான வேகத்தில் அடிக்கிறது" என்று அறிக்கை கொடுத்தாள். கிழவர் அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கதை ஹட்டன் பஸ் நிலையம்வரை போய்த் திரும்பி வந்தது. இந்தப் பயிற்சியின் கடைசியில் மறுபரீட்சை. அதிலும் தவறினால் படிப்பிலிருந்து நீக்கம். நீக்கினால் பூண்டுலோயா, பூண்டுலோயா என்றால் கூடை, கூடை என்றால் அட்டை.

இப்படி ஒரு கத்தி தலைக்கு மேல் தொங்கினால் பிள்ளை விழுந்து விழுந்து படிப்பாள் என்று நினைப்பவர்கள் ஆசிரியர்களாக இருக்கத் தகுந்தவர்கள். ஜெனுஷா படிக்கவில்லை, பயந்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

மற்றவர்களும் யோக்கியம் இல்லை. அந்த வாட்டின் குளிர் சொல்லித் தீராது. காலையில் தெர்மாமீட்டரை வெளியே எடுத்தால் அது திரும்பப் பெட்டிக்குள் போகப் பார்க்கும். எனவே மாணவிகள் காய்ச்சல்காரர்களை வாசலிலேயே கண்டுபிடிக்கப் பழகினார்கள். காய்ச்சல்காரரின் கையைப் பிடித்து நாடி பார்க்கும் சாக்கில் ஆளுக்குப் பத்து நிமிஷம் குளிர் காயலாம். நெருப்புக் காய்ச்சலோடு ஒருவர் வந்துவிட்டால் வரிசை நிற்கும். வந்தவர், அடடா, என்ன அக்கறையான பிள்ளைகள் என்று கண் கலங்குவார்.

இன்னொரு விஷயம், போன் சிக்னல். ஆஸ்பத்திரி முழுவதிலும் அது வருவது ஓர் இடத்தில்தான்: பதினோராம் கட்டிலின் தலைமாட்டில், ஜன்னல் பக்கமாக, சற்றுக் குனிந்து நின்றால். ஆகவே பதினோராம் கட்டிலில் யார் படுத்தாலும் இலங்கையிலேயே அதிகம் கவனிக்கப்பட்ட நோயாளி அவர்தான். தலையணையைச் சரிசெய்ய ஒருத்தி, போர்வையை இழுத்துவிட இன்னொருத்தி, பிறகு தலையணையை மறுபடி சரிசெய்ய மூன்றாமவள். அந்தக் கட்டிலில் படுத்துச் செத்தவர் கிடையாது. சாவதற்குத் தனிமை கிடைக்கவில்லை.

இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துப் பரவசப்பட்ட ஒரே ஆள் யூஜினா மிஸ். அவர்தான் பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியை. மேற்படிப்புக்கு ஓர் ஆய்வு எழுதிக்கொண்டிருந்தார். பயிற்சிக் காலத்தில் மாணவிகளைக் கற்கத் தூண்டுவது எது என்பது தலைப்பு. அதற்கு ஒரு வினாப் படிவம் வைத்திருந்தார். "நோயாளியின் புன்னகை எனக்கு உற்சாகம் தருகிறது: முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை." இந்த மாதிரி. யூஜினா மிஸ்ஸுக்கு மனிதர்களைப் பிடிக்கும், படிவத்தில் இருக்கும்வரை.

"பாருங்க சிஸ்டர்," என்பார் வாட்டுப் பொறுப்பாளரிடம், "அந்தப் பதினோராம் கட்டில் நோயாளிகிட்ட எவ்வளவு பாசம்."

சிஸ்டருக்குச் சிக்னல் விஷயம் தெரியும். அவரும் அங்கேதான் போன் பேசுவார். "ஆமா மிஸ்," என்பார்.

இந்தச் சொர்க்கத்துக்குள் ஒருநாள் மரியநாயகம் வந்து சேர்ந்தார்.

மரியநாயகம் ஓய்வுபெற்ற கண்டாக்கு. தோட்டத்தை ஆளும் தொரைக்கு அடுத்தபடி, கங்காணிகளுக்கெல்லாம் மேலே, மலையில் நின்று வேலை வாங்கும் உத்தியோகம் அது. அரைக்காற்சட்டை, நீளக் காலுறை, கையில் ஒரு பிரம்பு. ஓய்வு கொடுத்தபோது ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஹட்டனில் மகன் றொனால்ட் வீட்டில் இருந்தார். அங்கே அவர் பேச்சைக் கேட்பது ஒரு பூனை மட்டும், அதுவும் மீன் வாங்கும் நாளில். காலில் ஒரு புண் வந்து வீங்கியது. மகன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்து போட்டான். காலியாக இருந்தது பதினோராம் கட்டில்.

முதல் நாள் மாலை ஜெனுஷா வழக்கம்போல் தலையணையைச் சரிசெய்யும் சாக்கில் குனிந்து அம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"ஏ புள்ள," என்றார் மரியநாயகம், கண்ணைத் திறக்காமல். "வேல நேரத்துல என்னா போனு?"

"அம்மாகிட்டங்க ஐயா. ஒரே நிமிசம்."

"ஒங்கம்மா எந்தத் தோட்டம்?"

சொன்னாள்.

"அந்தத் தோட்டமா. அங்க பாதிப் பேரு பத்து மணிக்கித் தேத்தண்ணிக்கிப் போனா பன்னண்டு மணிக்கித்தான் மலைக்கி ஏறுவாளுக. புள்ளையும் அப்பிடித்தான் இருக்கு. போன உள்ள வையி."

ஜெனுஷா போனை உள்ளே வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டால் கை தானாக வைக்கும். அம்மாவின் கையும் அப்படித்தான் வைத்திருக்கும்.

மறுநாள் விடியற்காலை வாட்டில் கைதட்டும் சத்தம் கேட்டது.

"பெரட்டு. பெரட்டு. எந்திரிங்க."

தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, யார் எந்த மலைக்கு, யார் எந்த நிரைக்கு என்று பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். மரியநாயகம் புண்காலைத் தொங்கப்போட்டபடி கட்டிலில் உட்கார்ந்து தட்டினார். வாட்டில் படுத்திருந்தவர்கள் அத்தனை பேரும் தோட்டத்து ஆட்கள். எழுந்து வரிசையில் நின்றார்கள். சேலைன் ஏறிக்கொண்டிருந்தவர் கம்பத்தோடு வந்து நின்றார். கால் உடைந்து எடை கட்டித் தொங்கவிடப்பட்ட வீரய்யா, வர முடியாததால், படுத்தபடியே கையைத் தூக்கி "இருக்கேங்க ஐயா" என்றான். மாணவிகளும் நின்றார்கள். அரைகுறைத் தூக்கத்தில் சுற்றுக்கு வந்த டொக்டர், வரிசையைப் பார்த்ததும், மருந்துக்கோ எதற்கோ என்று நினைத்துக் கடைசியில் நின்றுகொண்டார். அவர் சிங்களவர், மலைநாட்டுக்குப் புதிது.

"நீ ஒண்ணாம் நெர," என்று மரியநாயகம் மாணவிகளைக் கட்டில் கட்டிலாகப் பிரித்தார். "நீ அடுத்தது. மருந்து கட்டுறது, பிரசர் பாக்குறது, எல்லாம் சுத்தமா இருக்கணும். அங்கொண்ணு இங்கொண்ணு விட்டுட்டுப் போற வேல என்கிட்ட நடக்காது. சாயங்காலம் நிறுவ."

சாயங்காலம், கொழுந்தை நிறுப்பதுபோல், வேலையை நிறுத்துப் பார்த்தார். எத்தனை பேருக்கு மருந்து கட்டினாய், எத்தனை பேருக்குப் பிரஷர் பார்த்தாய் என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மருந்து கட்டுவதில் சரி எது பிழை எது என்று அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. தேயிலையைப் பற்றியும் அவருக்கு அதிகம் தெரியாது என்று வீரய்யா பிற்பாடு சொன்னான். தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கடைசியில் ஜெனுஷாவின் முறை வந்தது.

"அரப்பேரு," என்றார்.

சொன்ன அளவு கொழுந்து எடுக்காதவளுக்கு அன்றைய சம்பளத்தில் பாதி, அதுதான் அரைப்பேர். மழையானாலும் அரைப்பேர், செடியில் கொழுந்து இல்லாமற் போனாலும் அரைப்பேர். ஜெனுஷாவின் வீட்டில் அந்தச் சொல் வந்த இரவுகளில் ஒருவரும் சத்தமாகப் பேசியதில்லை. சொன்னது இந்தக் கண்டாக்கு இல்லை. ஆனால் எல்லாக் கண்டாக்குகளும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

விடுதியில் அன்றிரவு, கூடப் படிக்கும் கிருஷாந்தி அழுதாள். அவளுக்கும் அரைப்பேர். இஷ்ராவுக்கு மட்டும் விளங்கவில்லை. அவளும் கூடப் படிப்பவள்தான், ஆனால் தோட்டத்துப் பிள்ளை இல்லை, நோர்வூட்டில் கடை வைத்திருக்கும் நஸாரின் மகள்.

"சம்பளம் குடுக்குறது அவரா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"மார்க்கு போடுறது?"

"இல்ல."

"அப்ப அந்தாளு என்னா சொன்னா ஒங்களுக்கு என்னா?"

"அந்தாள வீட்டுக்கு அனுப்பணும்" என்றாள் ஜெனுஷா. அவள் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நோயாளி குணமாக வேண்டும் என்று மனமார விரும்பினாள்.

அடுத்து வந்த நாட்களில் அந்தப் புண்ணுக்கு நடந்த பராமரிப்பு மருத்துவ வரலாற்றில் இல்லாதது. கழுவினார்கள், கட்டினார்கள், புத்தகத்தைப் பிரித்து வைத்துப் படத்தோடு ஒப்பிட்டார்கள். புண் பயந்துபோய் ஆறியது. டொக்டர் பார்த்துவிட்டு, "ஹரி, கெதர யன்ன புளுவன்," என்றார். வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்கு அனுப்புவதற்கு அங்கே டிக்கட் வெட்டுவது என்பார்கள். டொக்டர் டிக்கட் வெட்டப் பேனையை எடுத்தார்.

மரியநாயகத்தின் முகத்தில் ஹட்டன் வீடும் பூனையும் தெரிந்தன.

"டொக்டர்," என்றார், "எடது கால்ல உணர்ச்சியே இல்ல."

டொக்டர் தனி ஆள். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். பேனையை மூடினார். கவனிப்பில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று தொடங்கியது அந்த ஆஸ்பத்திரியின் கல்வி வரலாற்றில் பொற்காலம். நூலக அலுமாரியின் சாவி எப்போதோ தொலைந்திருந்தது, தேடியவரும் கிடையாது. இஷ்ரா ஒரு கரண்டியால் பூட்டை நெம்பினாள். நரம்புகளைப் பற்றிய அத்தியாயத்துக்குக் கிருஷாந்தியும் வேறொருத்தியும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் காலின் எந்த இடத்துக்கு எந்த நரம்பு என்பது வாட்டில் தரை துடைப்பவர் உட்பட எல்லோருக்கும் பாடம். இஷ்ரா மரியநாயகத்தின் காலடியில் நின்று ஜெனுஷாவிடம் மெல்லச் சொன்னாள்: "அந்தச் சுடுதண்ணிப் போத்தல எடுத்துட்டு வா. கொதிக்கிது, பரவால்ல. உணர்ச்சி இல்லாதவருக்கு என்னா." போத்தல் வருவதற்கு முன்பே கால் போர்வைக்குள் போய்விட்டது.

பிறகு வயிறு. மூன்று நாளாக ஒரு வாய் இறங்கவில்லை என்றார். உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று எழுதுவதைப்போல் வெறுக்கப்பட்ட வேலை தாதிப் படிப்பில் இல்லை. கிருஷாந்தி அதை ஆசையோடு செய்தாள். "சாப்பிடாத மனுசன் இத்தன தடவ கக்கூசுக்குப் போக ஏலாது டொக்டர்," என்று கணக்கை நீட்டினாள். இரவில் தலையணைக்கு அடியில் நஸார் கடை மீன் ரோல்ஸின் வாசம் வந்ததையும் சேர்த்துச் சொன்னாள். வாங்கி வர ஏற்பாடு செய்து கொடுத்தவன் வீரய்யா. கால் தொங்கிக்கொண்டிருந்தாலும் கண்டாக்குக்கு எடுபிடி செய்யும் பழக்கம் விடாது.

அதற்கடுத்து ஞாபகம் போயிற்று. தான் யார் என்றே தெரியவில்லை என்றார். இது கடினமான நோய். ஜெனுஷா இரவிரவாக மூளையைப் பற்றிப் படித்தாள். என்ன வருஷம், என்ன ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்; எதற்கும் கூரையைப் பார்த்தார். நன்றாகத்தான் நடித்தார். ஜெனுஷா புத்தகத்தை மூடிவிட்டு, அவர் காதுபட இஷ்ராவிடம் சொன்னாள்:

"பாவம். பெரிய கங்காணியா இருந்தவராம்."

"யாருடி கங்காணி," என்று மரியநாயகம் எழுந்து உட்கார்ந்தார். "கண்டாக்கு. மொத டிவிசன் கண்டாக்கு. மூணு தொரமார்கிட்ட வேல பாத்தவன்."

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோயைச் சுகப்பட்டதாகக் குறித்தார்.

ஆனால் ஒரு நோய் போனால் இன்னொன்றைச் சொல்லிக் கிழவர் கட்டிலை விடவில்லை, பெரட்டும் நிற்கவில்லை. காலையில் கைதட்டல், மாலையில் நிறுவை, ஜெனுஷாவுக்கு அரைப்பேர். அவள் எவ்வளவு செய்தாலும் அரைப்பேர். அவளும் ஒவ்வொரு நாளும் கூடுதலாகச் செய்தாள். பொய் நோயைப் பிடிக்க வேண்டுமானால் மெய் நோய் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அதற்காக மற்றக் கட்டில்களை எல்லாம் தட்டியும் தடவியும் பார்த்தார்கள். அதில் மற்றவர்கள் சும்மா சுகமாகிப் போனார்கள். றொசல்லவிலிருந்து இருமலோடு வந்த ஒருவர், இவர்கள் கண்ணில் பட்டதும், இருமலை வாசலிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போனதாகச் சொல்கிறார்கள்.

யூஜினா மிஸ் ஆனந்தக் கண்ணீர் வடித்தார். படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்தார்: "மனிதநேயமே என் கற்றலின் ஊற்று." முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன். "கருத்தில்லை" என்பதை எடுத்துவிட்டார்.

"கெழவன் அடுத்து நெஞ்சுக்குத்தான் வருவாரு," என்றாள் ஜெனுஷா, பரீட்சைக்கு முந்திய வாரம். "அத கடைசிக்கின்னு வச்சிருக்காரு."

அதனால் அவள் இதயத்தைப் படித்தாள். வீரய்யாவால் ஓட முடியாது என்பதால் அவன் நெஞ்சில் பழகினாள். ஸ்டெதஸ்கோப்பை வைத்து வைத்து, வீரய்யாவின் இதயத்தைத் திருவிழாக் கூட்டத்தில் போட்டாலும் கண்டுபிடித்துவிடும் நிலைக்கு வந்தாள். பெருவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கி வைக்கப் பழகினாள். சாப்பிடும்போதும் அப்படியே மடங்கியிருந்தது.

பரீட்சை நாள் வந்தது. யூஜினா மிஸ்ஸும் டொக்டரும் பரிசோதகர்கள். ஜெனுஷாவுக்கு ஒதுக்கிய நோயாளி பதினோராம் கட்டில். டொக்டர் டிக்கட்டை வெட்டி, கையெழுத்து வைத்து, சட்டைப்பையில் தயாராக வைத்திருந்தார். றொனால்டின் ஆட்டோ கீழே நின்றது. வாட்டே காத்திருந்தது. ஜெனுஷா செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எல்லாவற்றையும் முறைப்படி பார்த்து, "இவருக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்வது. அதோடு பரீட்சையும் முடிந்தது, கிழவரும் முடிந்தார்.

மரியநாயகம் அவளைக் கண்டதும் நெஞ்சைப் பிடித்தார். வலது பக்கத்து நெஞ்சை.

"ஐயோ," என்றார், பெரட்டில் பேர் வாசிக்கிற குரலில்.

கிருஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். டொக்டர் சட்டைப்பையைத் தடவினார்.

"முறைப்படி தொடங்குங்க," என்றார் யூஜினா மிஸ். "மெசின் வேணாம். கையால."

ஜெனுஷா மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தாள். இவ்வளவு நாளும் மெசின்தான் அவருக்கு நாடி பார்த்தது. மெசின் எண்ணைச் சொல்லும்; நடையைச் சொல்லாது.

நடை சரியில்லை.

இரண்டு அடி ஓடியது. ஒன்று தாமதித்தது. பிறகு மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. பிறகு ஒன்றும் இல்லை, பிறகு திடீரென்று ஒன்று. ஜெனுஷா பெருவிரலைப் பார்த்தாள். மடங்கித்தான் இருந்தது. கையை எடுத்து, தன் பாவாடையில் துடைத்துவிட்டு, மறுபடி வைத்தாள். மழைக்கு லயத்துக்கு ஓடுகிற கூட்டம் மாதிரி, ஒழுங்கே இல்லாமல் ஓடியது.

மேலே பார்த்தாள். கிழவர் வலது நெஞ்சைப் பிடித்தபடி, நடிப்பு எப்படி இருக்கிறது என்று டொக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"இஷ்ரா," என்றாள், "கைய நீ புடி. நான் நெஞ்சுல வைக்கிறேன். சேத்து எண்ணுவம்."

எண்ணினார்கள். நெஞ்சில் அடித்ததில் பல மணிக்கட்டுக்கு வந்து சேரவில்லை. ஜெனுஷா இன்னொரு தடவை எண்ணச் சொன்னாள், மறுபடியும் அதே கணக்குத்தான் வந்தது.

அவள் ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். எல்லோரும் எதிர்பார்த்தது அதுதான். டொக்டர் டிக்கட்டை நீட்டுவார், மிஸ் மார்க்கைப் போடுவார், நாளை விடியற்காலை கைதட்டல் இருக்காது, சிக்னல் இருக்கும். இருக்கு என்று சொன்னால், நாடியை வைத்துக் கோட்டை விட்டவள் மறுபடியும் நாடியை வைத்துக் கோட்டை விடுகிறாள் என்பார்கள். இந்தத் தடவை கதை ஹட்டன் பஸ் நிலையத்தையும் தாண்டி நானுஓயாவரை போகும். அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் இன்னொரு கூடை. கிழவருக்காக. அரைப்பேர் போட்ட கிழவருக்காக.

"சொல்லுங்க," என்றார் யூஜினா மிஸ்.

"இவருக்கு உண்மையாவே சுகமில்ல," என்றாள் ஜெனுஷா.

வாட்டில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கால் தொங்கியபடி வீரய்யா, "அட மிஸ்ஸி," என்றான், "நீங்களுமா."

டொக்டர் மெதுவாக, தெரிந்த தமிழில் சொன்னார்: "மிஸ்ஸி, போன தடவையும் நாடி. உங்க நாடிதானே அது. நல்லா யோசிச்சு சொல்லுங்க. இந்த ஆள் பொய்க்காரன்."

"பொய்க்காரர்தான் டொக்டர். நெஞ்சு வலின்னு சொல்றது பொய். எடத்தக்கூட மாத்திப் புடிச்சிருக்காரு." தன் கண்டாக்குக்கு முன்னால் அம்மாவுக்கு ஒருநாளும் வாய்க்காத குரல் அது. "ஆனா நாடி ஒழுங்கில்லாம ஓடுது. நெஞ்சுல அடிக்கிறது கைக்கு வந்து சேருதில்ல. இது அவருக்கே தெரியாது. ஈசிஜி எடுங்க. பெழையா இருந்தா என் பேர வெட்டிருங்க."

யூஜினா மிஸ் பேனையைத் திறந்து, மூடி, திறந்தார். படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

ஈசிஜி மெசினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தாள் நீண்டுகொண்டே வந்தது. டொக்டர் அதைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். மலைப் பாதையைப்போலக் கோடு போனது, அதற்கொரு நியாயமே இல்லாமல். சட்டைப்பையிலிருந்த டிக்கட்டை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு போன் செய்யப் பதினோராம் கட்டிலின் தலைமாட்டுக்கே வந்து குனிந்தார். அவரும் வேறெங்கே போவார். கண்டிக்கு அம்புலன்ஸ் சொன்னார். இப்படியே விட்டால் இரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம் என்று சிங்களத்தில் சொன்னது மரியநாயகத்துக்கு நன்றாக விளங்கியது.

அவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். முதன்முறையாக வாட்டில் ஒரு நோயாளியைப்போல் படுத்தார்.

"ஏ புள்ள. நான் சும்மாதானே சொன்னேன்."

"நீங்க சும்மாதான் சொன்னீங்க ஐயா. அது சும்மா இல்ல."

"அப்ப நெசமாவே எனக்கு நோயா?"

"நெசமாவே."

வெகுநேரம் கூரையைப் பார்த்தார். ஞாபகம் போனதாக நடித்தபோது பார்த்த அதே இடம். ஆனால் இப்போது கண்கள் வேறு மாதிரி இருந்தன. தள்ளுவண்டியில் ஏற்றும்போது, ஜெனுஷாவின் பக்கம் திரும்பி, ஏதோ பெரிய தருமம் செய்கிறவரைப்போல், "இன்னக்கி ஒனக்கு முழுப்பேரு," என்றார்.

"நீங்க வச்சிக்கங்க," என்றாள் ஜெனுஷா. "ஒங்க நடிப்புக்கு அரப்பேரு. நோய்க்கு மிச்ச அரப்பேரு. கூட்டிப் பாத்தா சரியா வரும்."

வீரய்யா சிரித்ததில் எடை கட்டிய கயிறு அறுந்து, கால் கட்டிலில் விழுந்து, எலும்பு நேராகப் பொருந்திவிட்டது. இது டொக்டரே பார்த்தது.

மாலையில் ஜெனுஷா பதினோராம் கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். தலையணையைச் சரிசெய்யத் தேவையில்லை.

"பாஸ் பண்ணிட்டேம்மா."

"எதுலடி?"

"ஒரு கண்டாக்கு நெஞ்சுல கோளாறு கண்டுபுடிச்சேன்."

அந்தப் பக்கம் சிசிலி கூடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "கண்டாக்குக்கு நெஞ்சு இருக்குன்னு," என்றாள், "ஒங்க புத்தகத்துல போட்டிருக்கா?"

யூஜினா மிஸ்ஸின் படிவங்களை அடுத்த வாரம் எல்லோரும் நிரப்பிக் கொடுத்தார்கள். உங்களைக் கற்கத் தூண்டியது எது என்ற இடத்தில் மற்றவர்கள் அனைவரும் சேவை மனப்பான்மை என்று எழுதினார்கள், இஷ்ராவின் படிவத்தைப் பார்த்து. ஜெனுஷா ஒருத்திதான் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: "ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற வெறி." யூஜினா மிஸ் அதை மூன்று தரம் வாசித்துவிட்டு, நோயாளி பூரண சுகத்தோடு இல்லம் திரும்ப வேண்டும் என்ற தாயுள்ளம் என்று தன் ஆய்வில் சேர்த்தார். ஆய்வு விசேட சித்தியோடு தேறியது. கொழும்பில் ஒரு மண்டபத்தில் அதை வாசித்தார். கேட்டவர்கள் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டினார்கள்.

மரியநாயகம் கண்டியில் சுகமாகி, மாத்திரையோடு ஹட்டனுக்குத் திரும்பினார். இப்போது விடியற்காலையில் மகன் வீட்டில் பெரட்டு நடக்கிறது. பூனை வரிசையில் நிற்கிறது, மீன் இல்லாத நாளிலும்.

அந்த ஆஸ்பத்திரியின் ஆண்கள் வாட்டில் இருப்பவை மொத்தம் எட்டுக் கட்டில்கள்.